கித்தூர் இணைப்பகம் முதல் டைப்-சி டாங்கிள் வரை: எண் ஒலியாகும் இடத்தின் வரலாறு

பெங்களூரு எஸ்.பி. சாலையின் மின்னணுக் கடைகளில், சார்ஜர்களுக்கும் மெமரி கார்டுகளுக்கும் நடுவே, விரல் நீளமே உள்ள ஒரு பொருள் தொங்குகிறது. ஒரு முனையில் டைப்-சி செருகி, மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் துளை, இடையில் கொஞ்சம் கம்பி. விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரங்கள் வரை போகிறது. கடைக்காரருக்கு அது ‘கன்வர்ட்டர்’, இசை ஆர்வலருக்கு ‘டேக்’, மற்றவர்களுக்கு ‘டாங்கிள்’. அது செய்யும் வேலைகள் இரண்டு. கைபேசி அனுப்பும் எண்வரிசையை மின்னலையாக மாற்றுகிறது. அந்த அலையை ஹெட்போனை இயக்கும் அளவுக்குப் பெருக்குகிறது.

களப்பதிவுகளைக் கேட்டு எழுதும் மொழியியல் மாணவர்களும் இப்போது இதை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெட்டியின் மேல் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. எண் பெரிதானால் தரவு துலக்கமாகக் கேட்கும் என்ற நம்பிக்கை இயல்பானதே. ஆனால் இந்த மாற்றி இதற்கு முன் எங்கே இருந்தது, யார் பொறுப்பில் இருந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். இணைப்பகத்திலிருந்து வீட்டு அலமாரிக்கும், அலமாரியிலிருந்து சட்டைப் பைக்கும், பையிலிருந்து கம்பிக்கும், இப்போது காதுக்குள்ளேயும் அது இடம்பெயர்ந்திருக்கிறது. பேச்சொலியைக் கேட்பவருக்குக் கிடைத்த பெரிய ஆதாயங்கள் இந்த இடப்பெயர்வுகளால் வந்தவை அல்ல என்பதே என் வாதம்.

முதலில் கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்றால் கோயில் திருவிழாவிலும் தேர்தல் கூட்டத்திலும் கட்டப்படும் கூம்பு. ஆனால் அந்தக் கூம்பு எதையும் பெருக்குவதில்லை. அது மின்னலையை ஒலியாக்குகிறது. பெருக்கும் கருவி மேடைக்குப் பின்னால், பந்தல்காரரின் மேசையில் இருக்கிறது. அதை ‘ஆம்ப்ளிஃபயர்’ என்றே சொல்லிவிடுகிறோம். இலங்கைப் பாடநூல்கள் ‘விரியலாக்கி’ என்று தனிச்சொல் கண்டு இந்தக் குழப்பத்திலிருந்து தப்பின. நம் பக்கத்தில் மாற்றி, பெருக்கி, ஒலிப்பான் ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் நிழலில் ஒதுங்கிக் கிடப்பதால், டாங்கிளில் எந்தப் பகுதிக்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் மங்கலாகவே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எண்ணை அலையாக்குவது மாற்றி. அலையை வலுவாக்குவது பெருக்கி.

ஒலியை எண்ணாக்கும் எண்ணம் இசைக்காகப் பிறந்ததன்று. 1937இல் ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ், பாரிசில் ஐ.டி.டி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, தொலைபேசித் தடத்தில் சேரும் இரைச்சலுக்கு ஒரு மாற்று தேடினார். அலையாகவே அனுப்பினால் ஒவ்வொரு பெருக்கியிலும் பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். அலையின் உயரத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து, அளவை எண்ணாக அனுப்பினால், வழியில் எத்தனை முறை புதுப்பித்தாலும் எண் எண்ணாகவே இருக்கும். கோட்பாடு அன்றே தெளிவு. அதைச் செய்துகாட்டும் உறுப்புகள்தாம் இல்லை. டிரான்சிஸ்டர் வந்தபின், 1962இல்தான் பெல் நிறுவனம் இந்த முறையை வணிகத் தடங்களில் இறக்கியது.

தொலைபேசிப் பொறியாளர்கள் அதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பேச்சு புரிவதற்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும். ஓர் அலையை எண்ணாக்க அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் மாதிரி எடுக்க வேண்டும் என்பதால், நொடிக்கு 8,000 மாதிரிகள் என்றாயிற்று. மாதிரிக்கு 8 பிட். ஆக நொடிக்கு 64,000 பிட். உலகத் தொலைபேசிப் பேச்சு முழுவதும் பல பத்தாண்டுகள் இந்த எண்ணுக்குள்தான் ஓடியது.

பெங்களூரு இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத்துறைத் தொழில் நிறுவனங்களில் ஒன்றான இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், அதாவது ஐ.டி.ஐ., 1948இல் இந்நகரின் கிழக்கே தொடங்கப்பட்டது. அதன் குடியிருப்புக்கு ‘தூரவாணி நகர்’ என்று பெயர். தொலைபேசிக்கான கன்னடச் சொல்லே ஊர்ப்பெயராகி நிலைத்தது. அங்குப் பணியாற்றியவர்களில் தமிழர் கணிசம். அந்தத் தொழிலாளர்களின் வாழ்வையும் அவர்களுக்கிடையே எழுந்த மொழிப் பூசல்களையும் அறிய விரும்புவோர் திலீப் சுப்ரமணியன் 2010இல் வெளியிட்ட விரிவான ஆய்வு நூலைத் தேடிப் படிக்கலாம். ஐ.டி.ஐ. முதலில் செய்தவை எந்திர இணைப்பகங்கள். அவற்றில் எண்ணும் இல்லை, மாற்றியும் இல்லை. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காது வரை ஒரே தொடர் அலை.

1984இல் சி-டாட் தொடங்கப்பட்டது. சாம் பித்ரோடாவின் பெயரோடு இணைத்தே பேசப்படும் அந்நிறுவனத்தின் பணி தில்லியிலும் பெங்களூரிலும் நடந்தது. அதன் முதல் பெரும் பயன் 128 இணைப்புகள் கொண்ட சிறிய ஊரக இணைப்பகம். குளிரூட்டும் வசதி இல்லாத அறையிலும், புழுதியிலும் வெப்பத்திலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 1986இல் அது கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. ராணி சென்னம்மாவின் கித்தூர்தான். சந்தாதாரர் கம்பிகள் வந்து சேரும் அட்டைகளில் ‘கோடெக்’ எனப்படும் சில்லுகள் இருந்தன. பேசுபவரின் அலையை எண்ணாக்குவதும், எதிர்முனையின் எண்ணை மீண்டும் அலையாக்குவதும் அவற்றின் வேலை. இன்று டாங்கிளுக்குள் இருப்பதன் மூத்த உறவினர் அது. அது கேட்பவரின் உடைமை அன்று. அரசுத் துறையின் உடைமை. ஓர் ஊரில் யார் என்ன தரத்தில் கேட்பார் என்பது பூட்டிய அறைக்குள் முடிவாகியிருந்தது.

அந்த 3,400 ஹெர்ட்ஸ் எல்லை தமிழுக்கு என்ன செய்தது என்பது, வியப்பாக, அதிகம் பேசப்படாத கேள்வி. தமிழின் ஐந்து நெகிழொலிகளை, அதாவது ர, ற, ல, ள, ழ ஆகியவற்றை, காந்த அதிர்வுப் படங்கள் முதலிய முறைகளால் ஆராய்ந்து ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பர்ட், அபிகாயில் கான் ஆகியோர் 1999இல் அமெரிக்க ஒலியியல் கழக இதழில் எழுதிய கட்டுரை நம் துறையில் பலரும் அறிந்தது. ழகரத்தின் அடையாளம் பெரிதும் மூன்றாம் ஃபார்மண்டின் தாழ்வில் இருக்கிறது. அது இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. இது முழுக்கத் தொலைபேசி எல்லைக்குள்ளேயே நடக்கிறது. ல, ள வேறுபாட்டுக்கான தடயங்களும் பெரும்பாலும் அங்கேதான். ‘படு’வையும் ‘பட்டு’வையும் பிரிப்பதில் ஒலி எவ்வளவு நேரம் அடைபட்டிருக்கிறது என்பதற்கே பெரும்பங்கு. கால அளவை எந்த மலிவான கம்பியும் அழித்துவிட முடியாது. மரபிலக்கணம் கூறும் தமிழொலிகளில் உரசொலிகளுக்குள் முரண் இல்லை. ஆகவே தொல்காப்பியர் கணக்கிட்ட ஒலிகளுக்குத் தொலைபேசி பெரிய தீங்கு செய்யவில்லை. மூக்கொலிகள் மட்டும் சற்றுத் தடுமாறின.

அடிபட்டவை பிற்காலத்து வரவுகள். ஸகரத்தின் ஆற்றல் பெரும்பகுதியும் 4,000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கிறது. தொலைபேசி அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு மங்கிய சீறல்; அதை ஃப என்றும் கேட்கலாம். ஆங்கில எழுத்துகளைத் தொலைபேசியில் சொல்லும்போது ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று மறுமுனை திரும்பக் கேட்பதும், ஊர்ப்பெயர் ஒன்றைத் துணைக்கு அழைத்து நாம் விளக்குவதும் இதனால்தான். இந்த இடத்தில் நான் வசிக்கும் பகுதியின் பெயரையே எடுத்துக்காட்டலாம். கன்னடத்தில் நீலஸந்த்ர, பொம்மஸந்த்ர, சிங்கஸந்த்ர, திப்பஸந்த்ர என்று இந்நகரைச் சுற்றியுள்ள பெயர்களில் வரும் ‘ஸந்த்ர’ ஏரியைக் குறித்த ‘ஸமுத்ர’ என்பதன் தேய்வு என்று பொதுவாகக் கொள்வர். தமிழில் எழுதும்போது சகரம் இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால் ‘நீலசந்திரா’ ஆயிற்று. ஏரி மறைந்து நிலவு எழுந்துவிட்டது. இதற்குத் தொலைபேசி பொறுப்பன்று, எழுத்துமுறையே பொறுப்பு. ஆனால் எழுத்து செய்ததையே தொலைபேசியும் செய்தது: ஸகரத்தின் தனித்தன்மையை இரண்டுமே தேவையற்ற மிகையாகக் கருதின.

மாற்றி வீட்டுக்குள் வந்தது 1982இல், குறுந்தகட்டோடு. நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட். விந்தையாகத் தோன்றும் அந்த எண்ணுக்குப் பின்னால் தத்துவம் ஏதும் இல்லை. அன்று எண்ணொலியைச் சேமிக்கக் கையில் இருந்தவை ஒளிநாடா எந்திரங்கள். நொடிக்கு 60 புலங்கள் கொண்ட முறையில் புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள் என்றால் 44,100. ஐரோப்பாவின் 50 புல முறையில் 294 வரிகள், அதே 3 மாதிரிகள், அதுவும் 44,100. தொலைக்காட்சித் திரையின் கணக்கு இசையின் கணக்காயிற்று. மனிதச் செவியின் உச்ச எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் இது போதுமானதாகவும் அமைந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்பதற்கு இதை மிஞ்ச வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 384 என்ற எண் பெட்டியை விற்கவே பெரிதும் உதவுகிறது. பதிவு செய்யும்போது 24 பிட் வேண்டும், அது வேறு; பேசுபவர் திடீரென உரக்கச் சிரித்தால் தாங்கும் இடைவெளி அப்போது தேவை.

மாற்றி இவ்வளவு சிறிதானது எப்படி என்பது தனிக்கதை. பழைய வடிவமைப்பில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஈடான மின்தடைகள் அல்லது மின்னோட்ட மூலங்கள் ஏணிபோல் அடுக்கப்பட்டிருக்கும். 16 பிட் துல்லியம் வேண்டுமென்றால் அவை அறுபதாயிரத்தில் ஒரு பங்கு பிழையின்றிப் பொருந்த வேண்டும். அதற்கு விலை அதிகம். 1962இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இனோசே, யசுதா, முராகாமி ஆகியோர் வேறொரு வழியை முன்வைத்தனர். உயரத்தை நுட்பமாக அளப்பதற்குப் பதில், உண்டு, இல்லை என்ற மட்டிலும் பரும்படியாக, ஆனால் மிக விரைவாக அளந்து, பிழையை அடுத்த அளவையில் ஈடு செய்துகொண்டே போவது. துல்லியத்தின் சுமை மின்தடையிலிருந்து கடிகாரத்துக்கு மாறியது. விரைவான கடிகாரம் கணினிச் சில்லுத் தொழிலுக்கு மலிவான சரக்கு. இன்று கம்பியின் முனையில் மாற்றி அடங்குவதற்கு இதுவே வேர்.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. அதன் செயற்கைக்கோள் தட்டு மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட படம் இந்நகரின் தகவல் தொழில்நுட்பப் புராணத்தின் முதல் ஓவியம்போல ஆகிவிட்டது. மொழியியலாருக்கு அந்நிறுவனம் வேறொரு வகையிலும் நெருக்கமானது. குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்பிக்கும் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ பொம்மையை 1978இல் வெளியிட்டது அதுதான். குரல்வழியைக் கணித வடிகட்டியாகக் கொண்டு பேச்சை ஒரே சில்லில் உருவாக்கியது அந்தப் பொம்மை. ‘பிராட்’ மென்பொருளில் நாம் ஃபார்மண்ட் அளக்கும்போது அடியில் ஓடுவதும் அதே குடும்பத்துக் கணிதம். 2000இல் அந்நிறுவனம் ஒலி மாற்றிச் சில்லுகளுக்குப் பெயர்பெற்ற பர்-பிரௌனை வாங்கியது.

பெருக்கியின் கதை இவ்வளவு பெருமிதமானதன்று. பெரும்பாலும் பொழுதுபோக்காளர்களின் கதை. 1979இல் வந்த சோனி வாக்மேன் தன் ஹெட்போனைத் தானே இயக்கிக்கொண்டது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கென்று செய்யப்பட்ட ஹெட்போன்களை வெளியே எடுத்துச் செல்ல ஆசைப்பட்டவர்களுக்குத்தான் சிக்கல். அவற்றுள் பலவற்றின் மின்மறுப்பு 300 ஓம். கைக்கருவியின் மின்கலம் தரும் அழுத்தம் அதற்குப் போதாது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹெட்ரூம் நிறுவனம் பயணத்தில் கொண்டுசெல்லும் பெருக்கிகளை விற்கத் தொடங்கியது. 1998இல் சூ மோய் என்பவர் மிகச் சிறிய பெருக்கி ஒன்றின் சுற்றை வெளியிட்டார். புதினா மிட்டாய் டப்பாவுக்குள் அது அடங்கும் என்பதால் உலகெங்கும் பலர் தாமே பற்றவைத்துச் செய்துகொண்டனர். 2012இல் ஆடியோகுவெஸ்டின் டிராகன்ஃப்ளை, மாற்றியையும் பெருக்கியையும் ஒரு பென்டிரைவ் அளவுக்குள் ஒடுக்கியது. அதுவரை இவையெல்லாம் வேண்டுபவருக்கு மட்டுமான ஆடம்பரம்.

ஆடம்பரத்தைத் தேவையாக்கியது 2016. 3.5 மில்லிமீட்டர் துளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்புப் பலகையில் இயக்குநர்கள் செருகிய பெரிய முளையின் சுருங்கிய வாரிசு. டிரான்சிஸ்டர் வானொலிக் காலத்திலேயே கைக்கருவிகளுக்கு வந்துவிட்டது. ஓப்போ போன்ற சீன நிறுவனங்கள் சில கைபேசிகளில் அதை முன்பே நீக்கியிருந்தாலும், 2016 செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் ஐபோன் 7இல் அதை நீக்கி, அச்செயலுக்குத் ‘துணிச்சல்’ என்று பெயரும் சூட்டியபோதுதான் உலகம் கவனித்தது. ஈடாகப் பெட்டியில் ஒரு சிறு கம்பி வைத்தார்கள். அதன் முனைக்குள் முழுமையான ஒரு மாற்றியும் பெருக்கியும் இருந்தன. கைபேசிக்குள் இருந்த மாற்றி போய்விடவில்லை. அதன் ஒலிப்பான் இயங்க அது வேண்டுமே. நமக்கு அதை அணுகும் வாசல் மட்டுமே அடைபட்டது.

அதே வாரத்தில், செப்டம்பர் 5 அன்று, இந்தியாவில் ஜியோ தொடங்கியது. அதன் தடத்தில் குரலும் இணையத் தரவாகவே, 4ஜி வழியாகச் சென்றது. இருமுனையும் அத்தகைய கைபேசியாக இருந்தால் குரலின் எல்லை 3,400லிருந்து ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. நொடிக்கு 16,000 மாதிரிகள். பழைய தொலைபேசியைப் போல் இரு மடங்கு மட்டுமே. ஆனால் அந்த இரு மடங்கில் ஸகரம் திரும்பி வந்துவிட்டது. ஆப்பிளின் துளை பற்றி உலகமே சண்டையிட்டுக்கொண்டிருந்த வாரத்தில், பேச்சொலியின் வரலாற்றில் அதைவிடப் பெரிய நிகழ்வு இலவச சிம் அட்டைக்கான வரிசைகளுக்கிடையே ஓசையின்றி நடந்து முடிந்தது. இதைப் பற்றி ஒரு மொழியியல் ஆய்வேடு வந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

இப்போது எஸ்.பி. சாலைக்குத் திரும்புவோம். அங்கே தொங்கும் கம்பிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரு சாதிகள். ஒன்றில் சில்லே இல்லை. டைப்-சி வழியே கைபேசி தானே அலையை வெளியே அனுப்பினால்தான் அது வேலை செய்யும். மற்றதில் மாற்றி உண்டு. சில்லில்லாத கம்பியை அலை அனுப்பாத கைபேசியில் செருகினால் எதுவும் கேட்காது. பழி கைபேசிமேல் விழும். மாற்றி உள்ள கம்பியிலும் ஒரு நுட்பம். ஆண்ட்ராய்டு வழக்கமாக எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலந்து, பெரும்பாலும் நொடிக்கு 48,000 என்ற வீதத்துக்கு மாற்றியே வெளியே அனுப்புகிறது. 384 என்று அச்சிட்ட கருவிக்கும் கிடைப்பது அதுதான். மூலத்தை மாற்றாமல் அனுப்பும் வழியை ஆண்ட்ராய்டு தானே வழங்கியது 2023இல், 14ஆம் பதிப்பில்.

நம் வேலைக்கு இந்தக் கருவி எங்கே உதவும், எங்கே உதவாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வின் தொடர்ச்சியாக 1913 முதல் 1929 வரை இசைத்தட்டுகளில் பேச்சுப் பதிவுகள் எடுக்கப்பட்டன. 97 மொழிகளும் கிளைமொழிகளும் அடங்கிய 242 பதிவுகள். தமிழும் அவற்றுள் உண்டு. பலவற்றில் ஊதாரி மைந்தன் உவமை சொல்லப்படுகிறது. இன்று அவை இணையத்தில் கிடைக்கின்றன. 1925க்கு முன் மின்சாரமின்றிக் கூம்பின் வழியே எடுத்த தட்டுகளில் ஏறத்தாழ 2,500 ஹெர்ட்சுக்கு மேல் உருப்படியாக எதுவும் இல்லை. பத்தாயிரம் ரூபாய் டாங்கிள் அங்கே கூட்டித் தருவது ஊசியின் கரகரப்பைத் தெளிவாகக் கேட்கும் வாய்ப்பை மட்டுமே. ஆனால் ழகரத்தின் தாழ்ந்த மூன்றாம் ஃபார்மண்ட் அந்தக் குறுகிய வெளிக்குள்ளும் இடம்பிடித்துக்கொள்ளும். நூறாண்டுக்கு முந்தைய ழகரத்தைத் தேடுபவர் நம்பிக்கையோடு கேட்கலாம்; ஸகரத்தைத் தேடுபவர் எந்தக் கருவி வாங்கினாலும் கேட்க முடியாது.

நல்ல கருவியில் நேற்று எடுத்த களப்பதிவாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே டாங்கிளுக்கு வேலை உண்டு. நுண்ணுணர்வு மிக்க இயர்போனில் மலிவான பெருக்கியின் இரைச்சல், சொல்லிறுதியில் தேயும் குற்றியலுகரத்தை மூடிவிடும்; இரைச்சல் குறைந்த எளிய டாங்கிள் அதைக் காப்பாற்றும். 16 முதல் 32 ஓம் வரையிலான சாதாரண இயர்போனுக்குத் தனிப் பெருக்கி வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்லதோர் ஒலிவாங்கி வாங்குவதே என் தேர்வாக இருக்கும். பதிவில் விழாத ஒலியை எந்த மாற்றியும் உண்டாக்கித் தராது. கம்பியில்லா இயர்பட்டைத் தவிர்ப்பது நல்லது. அதில் மாற்றி காதுக்குள்ளேயே வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அங்கே போய்ச் சேருமுன் புளூடூத் ஒருமுறை ஒலியைச் சுருக்குகிறது. இரைச்சல் நீக்கி தன் விருப்பப்படி சிலவற்றைக் கழிக்கிறது. கித்தூரின் பூட்டிய அறையைப் போலவே அதற்குள்ளும் நம்மால் எட்டிப்பார்க்க முடியாது.

2020க்குப் பிறகு நம் துறையில் பெருகிய தொலைவழிச் செவிப்புலச் சோதனைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பங்கேற்பாளர் ஸ, ஷ வேறுபாட்டைத் தவறவிட்டார் என்று எழுதும்போது, அவர் எதன் வழியே கேட்டார் என்ற ஒரு வரி ஆய்வேட்டின் முறையியல் இயலில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒலிவாங்கியின் பெயரை எழுதுகிறோம். கேட்கும் முனையை விட்டுவிடுகிறோம். கம்பியா, புளூடூத்தா, எந்தக் கைபேசி என்ற மூன்று கேள்விகளைப் படிவத்தில் சேர்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதைப் படிக்கும் பெங்களூருத் தமிழர் வீடுகளில், தூரவாணி நகரில் இணைப்பக அட்டைகளைப் பொருத்திய, சோதித்த தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கக்கூடும். ஒலி சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க அவர்கள் தொலைபேசியில் என்ன சொல்லிப் பார்த்தார்கள், எந்த மொழியில், எந்தச் சொற்களை? அந்தச் சோதனைச் சொற்களைத் தொகுக்க விரும்புகிறேன். நினைவிருப்பவர்கள் எழுதுங்கள், நேரில் வந்து பதிவு செய்துகொள்கிறேன்.